செவிலியரின் மேற்படிப்பும் நம் மாவட்டத்து நோயாளியும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த செவிலிய மாணவ மாணவியர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரியை நாடுவது, எந்தத் துறையை மேற்கொள்வது என்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கேள்வி வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் உள்ள வீடுகளில் எவ்விதமாகக் கேட்கப்படுகிறது என்பதை நான் அறிவேன். எதைப் படித்தால் உத்தியோகம் நிச்சயம், எதைப் படித்தால் வெளிநாடு போகலாம், எந்தக் கல்லூரியில் கட்டணம் தாங்கும் என்று கேட்கிறார்கள். மானாவாரிப் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் நம்பி, மழை பொய்த்த வருஷத்தில் கடன்பட்டு, பெண்ணைப் படிக்க வைத்த தகப்பனார் அப்படிக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் கேட்கப்பட வேண்டிய ஒன்று கேட்கப்படாமலே போகிறது என்பதுதான், வார்டிலும் வகுப்பறையிலும் நெடுங்காலம் செவிலியரோடு பழகிய எனக்கு மிகுந்த விசாரத்தைத் தருகிறது. மேற்படிப்பு முடிந்த பிறகு நீங்கள் நோயாளியின் அருகில் இருக்க விரும்புகிறீர்களா, அல்லது அவரை விட்டு அகன்று போக விரும்புகிறீர்களா? அருகில் இருப்பதானால், எந்த நோயாளியின் அருகில்?

இதைக் கடுமையான கேள்வி என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் செவிலியக் கல்வி வளர்ந்த வரலாறே இக்கேள்வியை எழுப்புகிறது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் செவிலியருக்குப் பயிற்சி தொடங்கியது 1871இல். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செவிலியர் பள்ளியைத் திறந்தது 1909இல். பட்டப்படிப்பு என்னும் அந்தஸ்து செவிலியத்துக்குக் கிட்டியதோ 1946இல், வேலூரிலும் டெல்லியிலும். பட்டதாரிகள் பெருகவே அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டியதாயிற்று. அந்தத் தேவையை முன்னிட்டே டெல்லியில் 1959இல் முதுகலைப் படிப்பு பிறந்தது. அன்று முதல் இன்று வரை எம்.எஸ்ஸி. நர்ஸிங் என்பது பிரதானமாக ஆசிரியரை உருவாக்கும் படிப்பாகவே இருந்துவருகிறது. அதன் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: செவிலியக் கல்விமுறை, ஆராய்ச்சியும் புள்ளியியலும், நிர்வாகம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றோடு, நீங்கள் தெரிந்தெடுக்கும் துறையும் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். துறைகள் ஐந்து. மருத்துவ அறுவைச் சிகிச்சைச் செவிலியம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம், குழந்தைகள் நலம், மனநலம், சமுதாய நலம் என்பன அவை.

நல்ல ஆசிரியை ஒருத்தி ஆயிரம் செவிலியரை ஆக்குகிறாள். அந்தத் தொழிலைக் குறைத்து ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாக நேர்ந்தது என்னவெனில், அறிவில் சிறந்தவள் வார்டை விட்டுப் போவதே உயர்வு என்றும், வார்டில் தங்குகிறவள் மேற்படிப்புக்கு வழியற்றவள் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நோயாளியின் பார்வையில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்றும் இல்லை.

இந்த நஷ்டத்தை ஈடுசெய்யும் வழியொன்றை அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்க தேசத்தில் ஒரு செவிலியர் கண்டார். கொலராடோ மாநிலத்தில் கிராமப்புறங்களில் பொதுச் சுகாதாரச் செவிலியராக ஊழியம் செய்த லொரெட்டா ஃபோர்ட் என்பவர், குழந்தை வைத்தியர் எட்டிப் பாராத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதிப்பதும், சாதாரண நோயைத் தீர்ப்பதும், கடும் நோயைக் கண்டறிந்து தக்க இடத்துக்கு அனுப்புவதும் செவிலியரால் ஆகக்கூடிய காரியமே என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்து, ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரோடு சேர்ந்து 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ பயிற்சியைத் தொடங்கினார். வைத்தியர்கள் மட்டுமல்லாமல் செவிலியப் பேராசிரியர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். செவிலியர் தம் தர்மத்தைக் கைவிட்டு வைத்தியருக்கு எடுபிடியாவதாக அஞ்சினார்கள். ஃபோர்ட் அம்மையார் தளரவில்லை. அவர் 2025 ஜனவரியில் தமது 104ஆம் வயதில் காலமானபோது, அவர் நட்ட மரபு அந்நாட்டில் லட்சக்கணக்கான செவிலியரைக் கொண்டதாக விளங்கிற்று. கிராமத்துக் குழந்தையின் தேவையிலிருந்து பிறந்தது அந்தப் படிப்பு என்பதை இங்கே விசேஷமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் நாட்டில் இந்திய நர்ஸிங் கவுன்சில் இதே நோக்கத்தோடு, தீவிர சிகிச்சைக்கென ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்’ என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் ஏற்படுத்தியிருக்கிறது. இது ரெஸிடென்ஸி முறையில் அமைந்தது. அதாவது மாணவி வகுப்பில் உட்காரும் நேரம் கொஞ்சம், ஐ.சி.யூ.வில் நின்று கற்கும் நேரமே மிகுதி. ரத்த ஓட்டம், சுவாசம், சிறுநீரகம், மருந்துகளின் போக்கு ஆகியவற்றை ஆழமாகக் கற்று, நோயாளியைத் தானே பரிசோதித்து, நிலைமையை நிர்ணயித்து, மருத்துவமனை வகுத்துள்ள நெறிமுறைகளுக்கு உட்பட்டுச் சிகிச்சையை நடத்தும் திறமையை அவள் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. பிரசவத் துறையிலும் இத்தகைய வழி திறந்திருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பயிற்சி பெற்ற செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி அளித்து ‘மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர்’ ஆக்குகிறார்கள். தெலங்கானா அதற்கு முன்பே, 2017இல், அந்த முயற்சியைத் தொடங்கிவிட்டது.

ஆகவே உங்கள் முன் இரண்டு வகையான பாதைகள் உள்ளன. எதில் செல்வது என்பதை நிதானிக்க, முதலில் நம் இரண்டு மாவட்டங்களையும் ஒரு நோயாளியின் கண்கொண்டு பார்ப்போம்.

பெரம்பலூர் சீமையின் கரிசல் காடுகளில் பருத்தி விளைகிறது. பருத்தி இருக்கும் இடத்தில் பூச்சிமருந்தும் இருக்கும். 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மகாராஷ்டிரத்து யவத்மாலில் நடந்ததைப் போலவே, இம்மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்த உழவர் சிலர் அந்நஞ்சைச் சுவாசித்து மாண்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அத்தகைய ஒருவர் வார்டுக்கு வரும்போது என்ன நடக்கிறது? வாயில் எச்சில் பெருகுகிறது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது. மார்பில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. டாக்டர் அட்ரோபின் எழுதுகிறார். எழுதிவிட்டால் போதுமா? அந்த மருந்தை எவ்வளவு, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை என்பதை நோயாளியின் உடம்பே சொல்ல வேண்டும். அதைக் கேட்கிறவள் செவிலி. மார்பில் இரைச்சல் அடங்கிற்றா, நாடி எழும்பிற்றா, அக்குள் உலர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். மிஞ்சினால் காய்ச்சலும் பிதற்றலும் கண்டு நோயாளி கட்டிலைவிட்டுக் குதிப்பார். குறைந்தால் மறுபடியும் மூச்சு முட்டும்.

இதைவிட நுட்பமான அபாயம் பிறகு வருகிறது. முதல் நாள் கண்டம் தாண்டியது, உறவினர் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஆறுதலடைந்தார்கள், நோயாளி பேசுகிறார், கஞ்சி கேட்கிறார் என்ற நிலையில், ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் கழுத்துத் தசைகள் சோர்ந்து, தொடர்ந்து மூச்சை இழுக்கும் தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. விஷயம் தெரிந்த செவிலி, ஒவ்வொரு முறை பக்கத்தில் போகும்போதும், “ஐயா, தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்குங்கள், பார்ப்போம்” என்கிறாள். தூக்க முடியவில்லை என்றால், மூச்சு நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பே அவளுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. வென்டிலேட்டரை ஆயத்தம் செய்யலாம், வைத்தியரை எழுப்பலாம். இரவு மூன்று மணிக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத் தெரிந்தவள் இருக்கிறாளா, இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கிறது. தீவிர சிகிச்சைத் துறையை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே கட்டிலில் இன்னொரு செவிலிக்கும் வேலை இருக்கிறது. பூச்சிமருந்தை அறியாமல் சுவாசித்தவர் உண்டு. மனம் உடைந்து அருந்தியவரும் உண்டு. பின்னவருடைய உயிரை மீட்டு ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, எந்தத் துயரம் அவரை அந்தப் புட்டியிடம் கொண்டுபோயிற்றோ அந்தத் துயரம் வாசலில் அப்படியே காத்திருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்படுத்தாமல், உபதேசம் செய்யாமல், கேட்க வேண்டியதைக் கேட்டு, தொடர்ந்து விசாரித்து வரத்தக்கவள் மனநலச் செவிலி. மனநலத் துறையை எடுத்தால் பெண்ணுக்குப் பேச்சு வருமே என்று தயங்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைப் பார்க்க மனிதர் இல்லாத இடத்தில் சங்கிலிதான் பார்த்துக்கொள்கிறது என்பதை அதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்ட முடியாது. பிறகு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இத்துறையில் தேர்ந்த செவிலிக்கென ஓர் இடத்தை வகுத்திருக்கிறது. ஐந்து துறைகளில் மிகக் குறைவாக விரும்பப்படுவது இதுவே. நம் பக்கத்துக்கு மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி அரியலூர்ப் பக்கம் வருவோம். சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் ஆலைகள் நிறைந்த பூமி, அவற்றுக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகள். பெரம்பலூரை ஊடறுத்துச் செல்வதோ சென்னை – திருச்சி நெடுஞ்சாலை. விபத்து என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 23ஆம் தேதி, அரியலூருக்கருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அதற்குப் பொறுப்பேற்று லால்பகதூர் சாஸ்திரியார் ரயில்வே மந்திரி பதவியைத் துறந்ததையும் இங்குள்ள முதியோர் இன்னும் சொல்லக் கேட்கலாம். இந்த மாவட்டத்தின் கடும் நோயாளிகளைத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் நெடுங்காலம். 2022 ஜனவரி 12ஆம் தேதி, தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்றாயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2021 டிசம்பர் 18இல், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கிற்று. கட்டடம் வந்தது, பணத்துக்கும் ஏற்பாடு வந்தது. அந்த 48 மணி நேரமும் கட்டிலருகே கண்விழித்திருக்கத் தேர்ந்த செவிலியரும் வந்தாலன்றி இவ்விரண்டும் பூரண பலனைத் தர மாட்டா.

பிரசவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து நியமித்து, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வழிசெய்தது தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. அங்கே சுகப் பிரசவங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் செவிலியரே. குழந்தைகள் நலத்தை விரும்புகிறவர்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியை மட்டுமே நாடுங்கள். அப்பிரிவு இல்லாத இடத்தில் அத்துறையைப் படிப்பதில் பயனில்லை. சமுதாய நலத்தை, நடந்து திரிய அஞ்சாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையோடு கிடக்கும் முதியவரை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் செவிலியர் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தாயும் தகப்பனும் தனியே இருக்கும் நம் ஊர்களில் அந்த ஊழியத்துக்கு நாளுக்கு நாள் அவசியம் பெருகுகிறது.

துறை நிச்சயமான பின்னரே கல்லூரியைப் பற்றி யோசிக்க வேண்டும். நம்மவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லூரியின் முகப்பையும் பேருந்தையும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, அங்கே காலியாக உள்ள துறை எதுவோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். மாடு வாங்கப் போகிறவன் கொட்டகையை விலைபேசி வருவதில்லை. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த அரசு செவிலியர் கல்லூரிகளானாலும், வேலூர் ஆனாலும், புதுச்சேரி ஜிப்மர் ஆனாலும், நம் பெரம்பலூரிலேயே உள்ள தனியார் கல்லூரிகளானாலும், விசாரிக்க வேண்டியவை ஒன்றே. இணைந்த மருத்துவமனையில் உங்கள் துறைக்குரிய நோயாளிகள் உண்மையில் படுத்திருக்கிறார்களா? கற்பிக்கும் ஆசிரியை இன்னும் வார்டுக்குப் போகிறாரா, அல்லது அவர் நோயாளியைத் தொட்டு வருஷங்கள் ஆகிவிட்டனவா? ரெஸிடென்ஸி என்ற பெயரால் உங்களை வெறும் சம்பளமில்லா ஸ்டாஃப் நர்ஸாக நிறுத்தப் போகிறார்களா, அல்லது வைத்தியர் சுற்றுப்பார்வையில் உங்கள் கருத்தையும் கேட்பார்களா? நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரமும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ உரிய வேறு பல்கலைக்கழகத்தின் பட்டமோ அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட வருஷத்துக்கு இருக்கிறதா? இவற்றை அலுவலகத்தில் கேட்பதோடு, இப்போது அங்கே படிக்கும் அக்காமார்களிடமும் கேளுங்கள்; உணவு இடைவேளையில் அவர்கள் பத்து நிமிஷத்தில் சொல்வது விளம்பரப் புத்தகத்தில் கிடைக்காது.

உண்மையை மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனருக்கு மருந்து எழுதித்தரும் அதிகாரத்தை மாநிலச் சட்டங்கள் அளிக்கின்றன. இங்கே படிப்பு வந்ததே தவிர, அத்தகைய சுதந்திரமான அதிகாரம் வரவில்லை. நீங்கள் என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் நீங்கள் பணிபுரியும் மருத்துவமனையின் நெறிமுறையைப் பொறுத்தது. 1947ஆம் ஆண்டின் நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் பாராளுமன்றம் தேசிய செவிலிய, மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்த ஆணையம் இப்படிப்பை முடித்தவர்களின் அதிகாரத்தையும் பதவியையும் சம்பளத்தையும் தெளிவாக வகுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கெனப் பணியிடங்கள் ஏற்பட வேண்டும். இதை நாம் அனைவரும் சேர்ந்து கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஐ.சி.யூ.வில் கற்றுத் தேர்ந்தவளை மீண்டும் சாதாரண முறைப்பணியில் போட்டு, கற்றதைப் பயன்படுத்தாதே என்று சொல்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

வெளிநாடு செல்ல விரும்புவோரையும் நான் தடுக்கப் போவதில்லை. குடும்பத்தின் கடனை அடைக்கக் கடல் கடந்த செவிலியருக்கு இந்நாடு நன்றி பாராட்ட வேண்டுமேயன்றிக் குறைகூறலாகாது. ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள்: இங்கே பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் பட்டம் அமெரிக்காவில் நேரே செல்லுபடியாகாது. அங்கே முதலில் என்கிளெக்ஸ் தேர்வெழுதிப் பதிவுபெற்ற செவிலியாக வேண்டும். பிறகு அந்நாட்டு முதுகலை அல்லது முனைவர் படிப்பில் சேர்ந்து, அனுபவசாலி ஒருவரின் கீழ் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைப் பார்த்து, தெரிந்தெடுத்த துறைக்கான சான்றிதழ்த் தேர்விலும் தேற வேண்டும். அங்கும் குடும்ப நலம், கடும் நோய், குழந்தைகள், மனநலம் என்று துறை பிரித்தே உரிமம் தருகிறார்கள். ஒரு துறைக்குப் பெற்றதை வைத்துக்கொண்டு மற்றொன்றில் பணிபுரிய முடியாது. ஆக, எந்த நோயாளியின் அருகில் நிற்பது என்ற கேள்வி கடலுக்கு அப்பாலும் உங்களை விடுவதில்லை.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். எம்.எஸ்ஸி. ஆனாலும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆனாலும், பட்டம் பெற்றபின் ஓராண்டு பணி அனுபவம் வேண்டும் என்பது விதி. அந்த ஓராண்டுக்குச் சான்றிதழை மட்டும் எங்கேனும் வாங்கி வைத்துவிட்டுப் பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவள் உண்மையாகவே வேலை செய்யட்டும். இரவுப் பணி வந்தால், போகவர வசதி உண்டா, தங்குமிடம் பாதுகாப்பானதா என்று நன்றாக விசாரியுங்கள். விசாரித்துத் திருப்தியானபின் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். முடிந்தால் நான்கு மாதம் அவசரப் பிரிவில், நான்கு மாதம் பிரசவ வார்டில், நான்கு மாதம் பொது வார்டில் என்று மாறி மாறிப் பணிபுரிய அந்த மருத்துவமனையைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வருஷம் அவள் வீட்டுக்கு வரும்போது எந்த நோயாளியைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்; விண்ணப்பம் போடும் நாளில் எந்தத் துறை என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.